மலையடி மனையில் வீடு: முதலில் மழையைப் பாருங்கள்

மலையடியில் மனை வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எத்தனை ரூம் போடலாம்?" என்பதுதான். பினாங்கில் வீட்டுப் பிளான் வரைவது என் தொழில். பாலிக் புலாவ், தெலுக் பஹாங் பக்கம் காட்டை ஒட்டிய மனை என்றால், ரூம் கணக்கு அப்புறம். முதலில் ஒரு பெரிய மழையில் குடையோடு போய் அந்த நிலத்தில் நில்லுங்கள் என்பேன். செப்டம்பர், அக்டோபரில் போனால் நல்லது. இங்கே மழை கொட்டுகிற மாதங்கள் அவை.

மேட்டிலிருந்து தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே மண்ணை அரித்துக்கொண்டு செந்நிறமாக ஓடுகிறது என்று பாருங்கள். அந்த வழியெல்லாம் மூங்கில் குச்சி நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டுங்கள். மறுநாள் வெயிலில் பார்த்தால் நிலமே பிளான் போட்டுக் கொடுத்ததுபோல் இருக்கும். அந்தக் குச்சிகளின் மேல் ஒரு சுவரும் வரக் கூடாது. 2017 நவம்பர் 4-ஆம் தேதி இரவு அடித்த மழையில் நம் தீவில் சரிவுகள் பெயர்ந்து விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று புரியும்.

பணம் கட்டுவதற்கு முன்பே சர்வேயரிடம் உயரமும் சரிவும் கேட்டு வாங்கிவிடுங்கள். பினாங்கில் கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேல் உள்ள நிலமும், 25 பாகைக்கு மேல் சரிந்த நிலமும் குன்று நிலமாகக் கருதப்படும். அங்கே அனுமதி எளிதில் கிடைக்காது. கிடைக்காமல் இருப்பதும் நல்லதற்குத்தான்.

சரி, நிலம் மிதமான சரிவுதான் என்று வைத்துக்கொள்வோம். பேக்ஹோ இயந்திரத்தை விட்டு மண்ணை வெட்டிச் சமன்செய்து, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி நிரப்புவதுதான் பலரும் செய்வது. வேண்டாம். கொட்டிய மண் இறுகாது. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கம்போங் (மலாய் கிராம) வீடுகளைப் போல வீட்டைத் தூண்மேல் நிறுத்துங்கள். ஒவ்வொரு தூணுக்கும் தனி அடித்தளம். எவ்வளவு ஆழம் என்பதை மண் பரிசோதனை பார்த்து எஞ்சினியர் சொல்லட்டும். தரைக்கடியில் ஓர் ஆள் டார்ச்சோடு தவழ்ந்து போகிற அளவு இடம் விடுங்கள். கரையான் தூணில் பென்சில் பருமனில் மண்குழாய் கட்டி ஏறும். அடியில் போய்ப் பார்க்க முடிந்தால்தான் அது கண்ணில் படும். மரத்தில் கட்டுவதென்றால் செங்கால் என்ற கெட்டி மரம்தான். விலை கூடுதல்தான்; ஆனால் பழைய வீடுகளை இடித்த செங்கால் பலகை கிடைத்தால் விடாதீர்கள்.

"அக்கா, அத்தைக்கு முட்டி வலி, படி ஏற மாட்டாங்களே" என்றாள் ஒரு தங்கச்சி. சரிவில் இதற்கு வழி இருக்கிறது. மேட்டுப் பக்கம் தூண் குட்டையாக இருக்கும்; வாசலை அந்தப் பக்கம் வைத்தால் படியே இல்லாமல் உள்ளே வரலாம். அத்தையின் அறை, குளியலறை, சாமி மேடை மூன்றையும் அந்தப் பக்கமே வைத்தேன். ஆனால் தண்ணீர் வருவதும் மேட்டிலிருந்துதான். அதனால் வாசலுக்கு மேலே குறுக்காக ஒரு லோங்காங் (வடிகால்) எடுத்து, மழைநீரை வீட்டின் இரு பக்கமும் பிரித்து, பழைய ஓடைக்கே கொண்டுபோய் விட வேண்டும்.

வெயில் விஷயம் சுருக்கமாக: நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு 5 பாகை வடக்கே. உச்சி வெயிலைக் கூரை பார்த்துக்கொள்ளும். சுவரைச் சுடுவது காலை, மாலை வெயில்தான். நீளமான பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். மேற்கே குளியலறை, ஸ்டோர் போதும். தாழ்வாரம் நான்கடியாவது நீளட்டும். மழையிலும் ஜன்னலைத் திறந்து வைக்கலாம்.

இருக்கிற மரங்களை ஒவ்வொன்றாகப் பிளானில் குறியுங்கள். 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை நகர மன்றத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்பது சட்டம். எனக்கு அதைவிடப் பெரிய காரணம், அந்த வேர்கள்தான் சரிவைப் பிடித்து வைத்திருக்கின்றன. டுரியான் மரத்தை மட்டும் கூரையிலிருந்து தள்ளியே வையுங்கள். ஜூன், ஜூலையில் பழம் விழும்போது ஓடு தாங்காது.

மரத்தடிக் கூரைக்கு நான் பீலி (கூரை ஓரத்தில் மழைநீரைப் பிடிக்கும் குழாய்) போடுவதில்லை. இலை அடைத்து, தண்ணீர் தேங்கி, ஏடிஸ் கொசு முட்டையிடும். தண்ணீர் விழும் கோட்டில் சரளைக்கல் பரப்பினால் போதும். மரமில்லாத பக்கத்தில் மட்டும் பீலி, அதிலிருந்து வலை மூடிய தொட்டி. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். கழிவறைக்கும் செடிக்கும் அதுவே தாராளம்.

காடு குரங்கு, உடும்புகளுடைய வீடும்தானே. குரங்கு திறக்க முடியாதபடி குப்பைத்தொட்டிக்குக் கொக்கி வையுங்கள். அடுப்படி ஜன்னலுக்குக் கம்பிவலை அடியுங்கள். வேலிக்கடியில் உடும்பு நுழைகிற அளவு இடைவெளி விடுங்கள். வெளிவிளக்கு கீழ்நோக்கியும் மஞ்சளாகவும் இருக்கட்டும். மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பினால் அந்த விளக்கையும் அணைத்துவிடுங்கள்.