தனுஷ்கோடியில் கிராப் ப்ளோவர் பார்ப்பது எப்படி?

பூநாரை பார்க்க தனுஷ்கோடி போகிறவர்கள் நிறையப் பேர். அதே கரைக்கு வரும் கிராப் ப்ளோவரைத் தேடுகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு. ஓமான், ஈரான் பக்கத்துக் கடற்கரைகளில் மணலுக்குள் வளை தோண்டி முட்டையிடும் பறவை இது. குளிர்காலத்தில் மன்னார் வளைகுடா வரை வரும். எண்ணிக்கை குறைவு, போனதும் சிக்கிவிடாது.

1. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள், மழை ஓய்ந்திருக்கும். இராமேஸ்வரத்தில் தங்கி விடியுமுன் கிளம்ப வேண்டும். ஆட்டோ என்றால் காத்திருப்புக்கும் சேர்த்தே வாடகை பேசிவிடுங்கள்.

2. பைனாகுலர் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்குவது) போதும். 10×50 வாங்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அந்தக் காற்றில் கை ஆடினால் பறவையும் சேர்ந்து ஆடும். ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) கொண்டுவந்தால் ட்ரைபாடின் நடுவில் பையைத் தொங்கவிடுங்கள்.

3. பலரும் கோட்டை விடுவது தண்ணீர்க் கணக்கில்தான். நீர் வற்றியிருக்கும்போது போனால் நிறைய மணல்திட்டு தெரியும், பறவையும் நிறைய இருக்கும் என்று தோன்றும். உண்மையில் அப்போது நண்டு தேடி வெகுதூரம் பரவிவிடும், புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். தண்ணீர் ஏறத் தொடங்கும்போது போய் உட்காருங்கள். திட்டுகள் ஒவ்வொன்றாக மூழ்க மூழ்க, மிச்சமிருக்கும் மேட்டில் எல்லாம் வந்து கூடும். பாம்பனுக்கான ஏற்றவற்ற நேரத்தைச் செயலியில் பார்க்கலாம். ஆனால் இங்கே ஏற்றவற்ற வித்தியாசமே குறைவு என்பதால் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வாடைக்காற்று பலமாக அடித்தால், பெண்கடல் (பாக் விரிகுடா) பக்கம், அதாவது கோதண்டராமர் கோயிலை ஒட்டிய சேற்றுவெளியில், செயலி சொல்வதைவிடத் தண்ணீர் கூடவே நிற்கும். கரைவலை இழுக்கும் அண்ணன்களிடம் முந்தைய நாளே கேட்டுவிடுங்கள். எனக்குச் செயலியைவிட அவர்கள் பேச்சில்தான் நம்பிக்கை.

4. சூரியனுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். எதிர்வெயிலில் எந்தக் கரைப்பறவையும் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும். வெயில் ஏறி கானல் ஆடத் தொடங்கிவிட்டால் ஸ்கோப்பும் உதவாது.

5. அடையாளத்துக்கு முதலில் அலகைப் பாருங்கள்: தடித்த, நேரான, கறுப்புக் கத்தி. இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய கரைப்பறவைகள் இரண்டு. அவோசெட்டுக்கு மெல்லிய அலகு, நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும். ஆய்ஸ்டர்கேட்சருக்குச் சிவந்த அலகு, கறுத்த தலை. கிராப் ப்ளோவருக்குத் தலை வெள்ளை, முதுகில் கறுப்பு, நீண்ட நீலச்சாம்பல் கால். நாலடி ஓடும், சட்டென நிற்கும், குத்தும். பெரிய நண்டு என்றால் உதறிக் காலை ஒடித்துவிட்டு விழுங்கும். பக்கத்தில் முதுகு சாம்பலான இன்னொன்று குனிந்து கத்திக்கொண்டே திரிந்தால் அது குஞ்சு. பறக்கக் கற்று, கடல் தாண்டி வந்த பிறகும் மாதக்கணக்கில் அம்மா அப்பாவிடம் வாங்கித் தின்னும். பார்த்த பறவைகளின் பட்டியலில் பெயரை ஏற்றிவிட்டுக் கிளம்பாமல், கொஞ்சம் உட்கார்ந்து இதைப் பாருங்கள்.

6. படத்துக்காக நெருங்காதீர்கள். ஒன்று கழுத்தை நீட்டினாலே நின்றுவிடுங்கள். தண்ணீர் ஏறும் நேரத்தில் கிளப்பிவிட்டால் அதற்கு ஒதுங்க வேறு இடம் கிடையாது.

பின்சேர்க்கை: படகு பிடித்து மனோலித் தீவுக்குப் போகலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அது மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வரும் 21 தீவுகளில் ஒன்று. வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. ட்ரோனும் வேண்டாம், எல்லைப் பகுதி. அப்புறம், தனுஷ்கோடி சாலை முடியும் அரிச்சல்முனைக்குச் சாயங்காலம் தாமதமாகப் போனால் சோதனைச்சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாலை ஏற்றத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள்.