முகாம் அட்டையால் கிடைத்த சிகிச்சை

எங்கள் தெருவில் சமையல் வேலை பார்க்கும் அக்கா, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருப்பவர். அவர் கணவருக்கு இதயக் குழாயில் அடைப்பு. காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில், "வருமானச் சான்று இல்லாமல் காப்பீடு கிடையாது, பணம் கட்டுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. 1942இல் போருக்குத் தப்பிப் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு நடந்து வந்தவர்கள் எங்கள் செட்டிநாட்டிலும் உண்டு. அதை நாம் மறக்கலாமா?

முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்ட எண்ணான 1800 425 3993இல் விசாரித்தேன். முகாமில் பதிவு பெற்ற இலங்கைத் தமிழருக்கு வருமான வரம்பே இல்லை. முகாம் குடும்ப அட்டையோடு வீட்டார் அனைவரையும் சிவகங்கை ஆட்சியர் அலுவலகப் பதிவு மையத்துக்கு அழைத்துப் போனேன். புகைப்படம், கைரேகை எடுத்துப் பதிந்தார்கள். திட்டத்தில் சேர்ந்த வேறொரு மருத்துவமனையில், அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்தார்கள். அக்கா கையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகவில்லை.

இன்னொன்று முக்கியம். வெளியூர் மருத்துவமனையில் சேர்வதற்கு முன் முகாம் வருவாய் ஆய்வாளரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். முகாமில் ஆட்களைச் சரிபார்க்கும் தணிக்கை நாளில் ஆள் இல்லையென்றால் மாத உதவித்தொகைக்குச் சிக்கல் வரும். அந்தக் கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன்.