பழைய விதை முளைக்குமா? முதலில் பத்தை மட்டும் சோதியுங்கள்

போன வருடம் மிஞ்சிய காய்கறி விதைகளைத் தூக்கிப் போடாதீர்கள், நேராக மண்ணிலும் தூவாதீர்கள். பத்து விதைகளை ஈரமான டிஷ்யூ பேப்பரில் வைத்து மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, வெதுவெதுப்பான இடத்தில் 7 முதல் 10 நாள் வையுங்கள். பேப்பர் ஈரமாக இருந்தால் போதும், தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் விதை அழுகிவிடும். எட்டுக்கு மேல் முளைத்தால் வழக்கம்போல் விதைக்கலாம். ஐந்துதான் என்றால் இரண்டு மடங்கு தூவுங்கள். இரண்டு மூன்று என்றால், சரி, புது விதை வாங்கிவிடுங்கள்.

முளைவிட மண் தேவையில்லை; ஈரம், சூடு, காற்று இருந்தால் போதும். அதனால் பாத்தி தயாராகும் முன்பே விடை தெரிந்துவிடும். மண்ணில் விதைத்துக் காத்திருந்து ஏமாந்தால், போன நாட்கள் திரும்பாது.

மிளகாய்க்கு இந்தக் கெடு போதாது, இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். வெங்காய விதை ஓரிரு வருடத்திலேயே வீரியம் இழந்துவிடுவதால், அதைவிடப் பழையது என்றால் சோதிப்பதே வீண் வேலை. அப்புறம், முளைத்த பீன்ஸை வேர் ஒடியாமல் எடுத்து நட்டுவிடலாம். கேரட்டை அப்படி நட்டால் கிழங்கு கோணிக்கொள்ளும்.