சிபாப் மாஸ்க்கை முதல் வாரத்திலேயே பரணில் போட்டுவிடாமல் இருக்க

தூக்கத்தில் தொண்டை ஒட்டிக்கொண்டு மூச்சு அடிக்கடி நின்றுபோகும் நோய் ஸ்லீப் ஆப்னியா. அதற்காக மாஸ்க் வழியே காற்றை ஊதும் மெஷின்தான் சிபாப். தூங்கும்போது மூச்சைப் பதிவுசெய்யும் ஸ்லீப் ஸ்டடி சோதனையின் அறிக்கை வந்ததும் முதலில் ஏஹெச்ஐ என்ற எண்ணைத் தேடுங்கள். தூக்கத்தில் மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது என்ற கணக்கு அது. ஒவ்வொரு முறையும் 10 விநாடியாவது நீடித்திருந்தால்தான் சேர்ப்பார்கள். 5 முதல் 15க்குள் லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

லேசானதாக இருந்து, மல்லாந்து படுத்தால் மட்டும் எண் ஏறுகிறது என்று அறிக்கை சொன்னால், பழைய பனியனின் முதுகுப்புறம் ஒரு பை தைத்து அதில் டென்னிஸ் பந்தைப் போட்டுப் படுக்கலாம். புரண்டு மல்லாந்தால் பந்து உறுத்தும். கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் பல் கருவி இன்னொரு வழி. அதைப் பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்ய வேண்டும். ஆடும் பற்கள் உள்ளவர்களுக்கு ஒத்துவராது.

நடுத்தரத்துக்கும் கடுமைக்கும் முதல் சிகிச்சை சிபாப். ஆஸ்திரேலியாவில் மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்தியது. பலர் நினைப்பதுபோல் இது ஆக்சிஜன் மெஷின் அல்ல. அறைக் காற்றையே அழுத்தமாக ஊதி, தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் திறந்து வைக்கிறது. அழுத்தம் பொதுவாக 4 முதல் 20 செ.மீ. நீரளவுக்குள் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) இருக்கும். எவ்வளவு என்பதை மருத்துவர்தான் குறிக்க வேண்டும்.

பெரும்பாலும் தகராறு மாஸ்க்கில்தான். உட்கார்ந்தபடி மாட்டிப் பார்த்து வாங்காதீர்கள். படுத்தால் முகத்தின் சதை நகரும். மெஷினை ஓடவிட்டு, படுத்துக்கொண்டு, பட்டைகளைத் தளர்வாக மாட்டி, மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாகத் தூக்கி விடுங்கள். ஓரத்தில் உள்ள மெல்லிய சிலிகான் மடிப்பு காற்றால் உப்பி முகத்தில் உட்காரும். பிறகு இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக, சமமாக இறுக்குங்கள். காற்று கசிகிறதே என்று ஒரேயடியாக இறுக்கினால் அந்த மடிப்பு நசுங்கி இன்னும் கசியும், மூக்குத்தண்டும் புண்ணாகும். மாஸ்க்கின் முன்பக்கத்துச் சின்னத் துளைகளில் காற்று வருவது கசிவல்ல. விட்ட மூச்சு வெளியேறும் வழி. அதில் டேப் ஒட்டவே கூடாது.

படுக்குமுன் முகம் கழுவுங்கள். எண்ணெயோ க்ரீமோ இருந்தால் சிலிகான் வழுக்கும். காலையில் கண் எரிந்தால் மேல்பக்கம் கசிகிறது என்று பொருள். வாய் வறண்டால் வாய்வழியே காற்று போகிறது: மூக்கடைப்பைச் சரிசெய்து பாருங்கள், மெஷினில் காற்றை ஈரப்படுத்தும் ஹ்யூமிடிஃபயரைக் கூட்டுங்கள், அப்போதும் தீராவிட்டால் வாயையும் மூடும் மாஸ்க்குக்கு மாறுங்கள். வயிறு உப்பி ஏப்பமாக வந்தால் காற்றை விழுங்குகிறீர்கள். அழுத்தத்தை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஏசி அறையில், மெஷினிலிருந்து மாஸ்க்குக்கு வரும் குழாயில் நீர் கோத்துக் களகளவென்று சத்தம் வரும். குழாயைப் போர்வைக்குள் விட்டு, மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்ந்த ஸ்டூலில் வையுங்கள்.

மூச்சு முட்டுவதுபோல் பயம் வந்தால், மாலையில் டிவி பார்க்கும்போது 20 நிமிடம் மாட்டிப் பழகுங்கள். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெதுவாக ஏற்றும் ராம்ப் வசதியையும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஹ்யூமிடிஃபயருக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வெள்ளையாகப் படியும். மிஞ்சியதைத் தினமும் கொட்டிவிடுங்கள். மாஸ்க்கைத் தினமும் துடைத்து, காற்றுக் குழாயை வாரம் ஒருமுறை மென்மையான சோப்பில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

குழந்தைகளுக்கு டான்சில், அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் உள்ள சதை) அறுவை சிகிச்சையே பெரும்பாலும் முதல் வழி. பெரியவர்களுக்கு மூக்கு அறுவை சிகிச்சை மட்டும் செய்தால் நோய் போவது அரிது, ஆனால் மாஸ்க் போடுவது சுலபமாகும். உடல் எடை குறைந்தால் ஏஹெச்ஐயும் இறங்கும். பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான நோய் உள்ள பெரியவர்களுக்கு எடையைக் குறைக்கும் டிர்செபடைட் ஊசியை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 டிசம்பரில் அனுமதித்தது. எடை நன்றாகக் குறைந்தபின், மெஷினை நீங்களாக நிறுத்தாமல் மறுபடி ஸ்லீப் ஸ்டடி எடுங்கள். இரவில் மதுவும் தூக்க மாத்திரையும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும்.

வேறு எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் இந்த நோய் இருப்பதை முன்கூட்டியே சொல்லி, சொந்த மெஷினையும் மாஸ்க்கையும் பையில் எடுத்துப் போங்கள்.