கண்ணுக்குக் கீழே கறுப்பும் வீக்கமும்: கிரீம் வாங்குமுன் செய்ய வேண்டியவை

திருமலை (திருகோணமலை) உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில், வரவேற்பு மேசையில் நைட் டியூட்டி பார்த்த காலம் அது. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை சீசன். இரவு பத்துக்கு ஏறினால் காலை ஆறரைக்குத்தான் இறங்கலாம். ஒரு நாள் வீட்டுக்கு வந்து பைக்கை நிறுத்த, முற்றம் கூட்டிக்கொண்டிருந்த பெரியம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்னடா தம்பி, இரவு முழுக்க அழுதனியோ?" என்று கேட்டார்.

அன்று பின்னேரமே டவுனுக்குப் போய் ஒரு பாமசியில் சின்ன டியூப் கிரீம் ஒன்று வாங்கினேன். விலையை வீட்டில் பாதியாகக் குறைத்துத்தான் சொன்னேன். மூன்று மாதம் விடாமல் பூசியும் முகம் அப்படியே இருந்தது. கிரீமில் பிழையில்லை. எனக்கு என்ன வருத்தம் என்று பார்க்காமல் மருந்து பூசியதுதான் பிழை. அதனால் இந்த விளக்கத்தில் கிரீம் கடைசியில்தான் வரும்.

முதலாம் படி: ஜன்னலடியில் ஒரு கண்ணாடி

குளியலறை பல்ப் வெளிச்சத்தை நம்ப வேண்டாம். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் குழந்தைக்குக்கூடக் கருவளையம் தெரியும். காலை எட்டு, ஒன்பது மணிக்கு, வெயில் நேரே விழாத ஜன்னலுக்கு முகம் கொடுத்து உட்காருங்கள். கையில் ஒரு சின்னக் கண்ணாடி போதும்.

முதலில் முகத்தை மெல்ல மேலே தூக்கி வெளிச்சத்துக்குக் காட்டுங்கள். கறுப்பு பெருமளவு மறைந்துவிட்டால், அது நிறமே இல்லை, நிழல். கண்ணுக்கும் கன்னத்துக்கும் இடையில் உள்ள பள்ளத்தில் விழும் நிழல். மெலிந்தவர்களுக்கும் வயது ஏறியவர்களுக்கும் இது கூடத் தெரியும்.

அப்புறம் ஒரு விரலால் கீழ் இமைத் தோலைப் பக்கவாட்டில் லேசாக இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது நீலமும் ஊதாவும் கலந்த சாயல் கூடித் தெரிந்தால், அது உள்ளே ஓடும் இரத்தக் குழாய்களின் நிறம். இமைத் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது, அரை மில்லிமீற்றர்கூட இருக்காது. அடியில் இருப்பது வெளியே தெரிவதில் வியப்பில்லை. இழுத்தாலும் மண்ணிறம் மாறாமல் நின்றால், அது தோலிலேயே படிந்த நிறமி. நம்மைப் போல மாநிறமும் கறுப்பும் உள்ளவர்களிடம் இந்த வகை நிறையவே உண்டு, பெரும்பாலும் பரம்பரையாக வரும். என் அம்மாவின் பழைய அடையாள அட்டைப் படத்தை எடுத்துப் பார்த்தேன். இருபத்து நான்கு வயதில் எடுத்த படம். அதே இரண்டு கறுப்புப் பிறை. அதற்கு நைட் டியூட்டியைக் குற்றம் சொல்ல முடியாது.

வீக்கத்துக்கு வேறு சோதனை. காலையில் எழும்பியதும் ஒரு படம், பின்னேரம் நாலு மணிக்கு ஒரு படம், இரண்டும் அதே ஜன்னலடியில். காலையில் ஊதிப்போய் இருந்து பின்னேரம் வற்றியிருந்தால் அது தேங்கிய நீர். பழக்கத்தை மாற்றிக் குறைக்கலாம். எந்த நேரமும் ஒரே அளவில் பை போலத் தொங்கினால், உள்ளே இருக்கும் கொழுப்பு முன்னால் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. அதற்குக் கரண்டியும் சரிவராது, கிரீமும் சரிவராது. தொந்தரவாக இருந்தால் வைத்தியரிடம்தான் கேட்க வேண்டும்.

பலருக்கு இரண்டு மூன்று வகை கலந்துதான் இருக்கும். எனக்கு நீரும் நிறமியும். அடுத்த படிகளில் உங்களுக்குப் பொருந்தாததைத் தாண்டிப் போகலாம்.

இரண்டாம் படி: தலையணையும் குளிரும்

மட்டமாகப் படுக்கும்போது உடம்பு நீர் முகத்தில் தங்குகிறது, எழுந்து நடமாட இறங்குகிறது. ஆகவே தலையைக் கொஞ்சம் உயர்த்திப் படுங்கள், இன்னொரு தலையணை போதும். கழுத்து மட்டும் மடங்கி நிற்காமல் தோளும் சேர்ந்து உயர வேண்டும், இல்லாவிட்டால் கண்வீக்கம் போய்க் கழுத்துப்பிடிப்பு வரும். குப்புறப் படுப்பவர்கள் அதை விட்டாலே பாதி குறையும்.

எழும்பியதும் குளிர். இரண்டு தேக்கரண்டிகளை இரவே பிரிட்ஜில் வையுங்கள், ஐஸ் தட்டில் அல்ல, கீழ்த் தட்டில். காலையில் கரண்டியின் முதுகுப் பக்கத்தை மூடிய கண்ணின் கீழ் வைத்து, சூடேறியதும் மற்றதை மாற்றுங்கள். மொத்தம் பத்து நிமிடம் காணும். குளிர் பட்டால் இரத்தக் குழாய்கள் சுருங்கும், வீக்கமும் நீலச் சாயலும் இறங்கும். ஐஸ் கட்டியை நேரே வைக்காதீர்கள், அந்த மெல்லிய தோல் எரிந்துபோகும். கெக்கரிக்காய் வட்டம் வைப்பதும் இதே கதைதான்: வேலை செய்வது காய் அல்ல, அதன் குளிர்.

பிளேன்டீயும் (பால் விடாத தேநீர்) உதவும். ஒரு கப் கடுமையாகச் சாயம் ஊற்றி, வடித்து, ஆறவிட்டு, பிரிட்ஜில் வைத்து, இரண்டு பஞ்சுத் துண்டுகளை நனைத்துப் பிழிந்து கண்ணில் வைக்கலாம். தேயிலையில் உள்ள கஃபீனும் குழாய்களைச் சுருக்கும். சீனி போடாமல்! எங்கள் வீட்டில் குடிக்கக் கலந்து வைத்த தேநீரில் ஒருமுறை பஞ்சை நனைத்துவிட்டு அப்படியே தூங்கிப்போனேன். தலையணையில் எறும்பு வரிசை.

இந்தப் பலன் சில மணி நேரத்துக்குத்தான். கலியாண வீட்டுக்குப் போகும் காலையில் செய்யலாம், நோய்க்கு மருந்து என்று நினைக்க வேண்டாம். கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளும் உடம்பு அலுப்புக்கு நல்லதுதான். காலைக் கண்வீக்கத்துக்கு வேண்டியது சூடல்ல.

மூன்றாம் படி: இரவுச் சாப்பாட்டில் உப்பு

என்னுடைய உண்மையான குற்றவாளி இங்கேதான் அகப்பட்டது. டியூட்டியில் இரவு பதினொரு மணிக்கு ஊழியர் சமையலறையில் சாப்பிடுவோம். ஆறின சோறு, கருவாட்டுப் பொரியல், மாசி போட்ட சம்பல், போத்தலில் இருந்து ஒரு துண்டு தேசிக்காய் அச்சாறு. வாய்க்கு அமிர்தம். அதன் மேல் விடிய மூன்று மணிக்கு நித்திரை வராமல் இருக்க ஒரு பைக்கட் நூடில்ஸ்.

உப்புக் கூடினால் உடம்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது முதலில் தெரிவது இமையில். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது தட்டையாக ஒரு தேக்கரண்டி. சமையல், கருவாடு, அச்சாறு, பாண், பிஸ்கட் எல்லாம் சேர்த்துத்தான் அந்த ஒரு கரண்டி. என் தட்டில் இருந்ததைக் கணக்குப் பார்க்கவே பயமாக இருந்தது.

திருமலையில் இருந்துகொண்டு கருவாட்டை விடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. செய்தது இவ்வளவுதான்: கருவாட்டைப் பகல் சாப்பாட்டுக்கு மாற்றினேன். சமைக்குமுன் அரை மணி நேரம் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை இரண்டு தரம் மாற்றினேன். இரவுக்கு மரக்கறியும் புதுமீன் சொதியும். நூடில்ஸ் பைக்கட்டில் உள்ள தூளில் பாதியைக் கொட்டினேன். இரண்டு கிழமையில் காலைப் படமும் பின்னேரப் படமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன.

தண்ணீரையும் பகலிலேயே குடித்து முடியுங்கள். இரவில் மது எடுப்பவர்களுக்குக் காலையில் கண் சொல்லும் செய்தி நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை.

நான்காம் படி: கண்ணைக் கசக்கும் கை

கசக்கக் கசக்கத் தோல் தடிக்கும், நிறமி கூடும், சின்னக் குழாய்கள் கசியும். "நான் கசக்குவதே இல்லை" என்பவர்கள் ஒரு நாளைக்கு வீட்டில் உள்ள ஒருவரிடம் எண்ணச் சொல்லுங்கள். என் தங்கை எனக்கு எண்ணினாள். பகல் பன்னிரண்டுக்குள் பத்தொன்பது.

கசக்குவது கெட்ட பழக்கம் மட்டுமல்ல, பெரும்பாலும் ஒவ்வாமை. தும்மல், மூக்கடைப்பு, கண்கடி மூன்றும் சேர்ந்து வந்தால் அதுதான். கச்சான் காலம் நமக்குத் தெரியும் (கடலை அல்ல, காற்று). மே தொடங்கி ஓகஸ்ட் வரை தரைப் பக்கமிருந்து சூடாக, வரண்டு, புழுதியை அள்ளிக்கொண்டு வரும். அந்த மாதங்களில் பைக்கில் போனால் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முகத்தைத் தண்ணீரால் அலம்புங்கள்.

வீட்டுக்குள்ளே உள்ளதையும் பாருங்கள். கட்டிலடியில் இரவு முழுக்கப் புகையும் நுளம்புச் சுருள் கண்ணை அரிக்கும். நுளம்பு வலை கட்டினால் சுருள் தேவையில்லை. பழைய தும்பு மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் குடியிருக்கும். தலையணை உறையைக் கிழமைக்கு ஒருமுறை 60 பாகை அளவு சுடுநீரில் ஊறவைத்துத் தோயுங்கள், கை வைக்க முடியாத சூடு. இவ்வளவு செய்தும் கடி நிற்கவில்லை என்றால் ஒவ்வாமை மாத்திரை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். சில மாத்திரைகள் தூக்கம் தரும், போட்டுவிட்டு வண்டி ஓட்டக்கூடாது.

கண் மை போடுபவர்கள் இரவில் அழித்துவிட்டுப் படுக்க வேண்டும். பஞ்சில் இரண்டு துளி தேங்காயெண்ணெய், மூடிய இமையில் அரை நிமிடம் வைத்து ஒரே இழுப்பாகத் துடையுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் அதுவும் கசக்குவதுதான்.

ஐந்தாம் படி: நித்திரை

வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரம். நித்திரை குறைந்தால் தோல் வெளிறும், வெளிறினால் அடியில் உள்ள நீலம் எடுத்துக்காட்டும். இதைப் பற்றி உங்களுக்கு ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள். நைட் டியூட்டிக்காரருக்கு மட்டும் ஒன்று: காலையில் வந்து போனைப் பார்த்துக்கொண்டு பத்து மணி வரை இருக்காமல், ஜன்னலுக்குத் தடித்த துணி கட்டி, ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் படுங்கள்.

ஆறாம் படி: வெயில்

நிறமி வகைக்காரர் இந்தப் படியைத் தாண்டக்கூடாது. உப்புவெளியில் இருந்து டவுனுக்கு வரும்போது கடல் இடப்பக்கம், சூரியனும் இடப்பக்கம். ஏழு மணிக்கே அந்தக் கன்னம் சுடும். வெயில் பட்ட இடத்தில் தோல் இன்னும் நிறமி உண்டாக்கும், எந்தக் கிரீமும் அதோடு போட்டி போட்டு வெல்லாது. கறுப்புக் கண்ணாடி, விளிம்புள்ள தொப்பி, எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன் கிரீம். கண்ணுக்குக் கிட்டப் பூச சிங்க் ஒக்சைட் உள்ளதாகப் பாருங்கள், எரிச்சல் குறைவு. வெளியில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும்.

ஏழாம் படி: இனிக் கிரீம்

டியூபின் பின்னால் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். காலை வீக்கத்துக்கும் நீலச் சாயலுக்கும் கஃபீன். மண்ணிற நிறமிக்கு விட்டமின் சி அல்லது நியாசினமைட். தோல் மெலிந்து சுருங்கியிருந்தால் ரெட்டினோல், அது இரவில் மட்டும், கிழமைக்கு இரண்டு நாளாகத் தொடங்கி. கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். நிழல் வகைக்குக் கிரீம் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒரு புதுப் பொருள்தான். முதலில் காதுக்குப் பின்னால் கொஞ்சம் பூசி இரண்டு நாள் பொறுங்கள். தடித்தாலோ சிவந்தாலோ விட்டுவிடுங்கள். இல்லையென்றால், இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவில் பாதி எடுத்து, மோதிர விரலால் (அதற்குத்தான் பலம் குறைவு) கண்ணுக்குக் கீழே தட்டுப்படும் எலும்பு விளிம்பின் வழியே தட்டித் தட்டி வையுங்கள். இமை மயிருக்குக் கிட்டப் போக வேண்டாம், கிரீம் தானாக மேலே ஏறும்.

எலுமிச்சைச் சாறு, பற்பசை போன்ற கைவைத்தியம் வேண்டாம். தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் புண்ணாகி, இருந்ததைவிடக் கறுப்பு ஏறும். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத, "ஏழு நாளில் வெள்ளை" கிரீம்களையும் தொடாதீர்கள். அவற்றில் சிலதில் பாதரசமும் ஸ்டீரொயிட்டும் கலந்திருக்கும். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீரொயிட்டைக் கண்ணருகில் நாள்கணக்கில் பூசினால் கண்ணழுத்தம் ஏறிப் பார்வையே போகலாம்.

நிறமி குறைய எட்டு முதல் பன்னிரண்டு கிழமை எடுக்கும். தினமும் கண்ணாடி பார்த்தால் ஒன்றும் தெரியாது, மனம்தான் சலிக்கும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அதே ஜன்னலடியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

வீட்டு வைத்தியத்தை நிறுத்த வேண்டிய இடம்

ஒரு கண் மட்டும் திடீரென்று சிவந்து வீங்கி, நோவோ காய்ச்சலோ இருந்தால், கண்ணை அசைக்க வலித்தால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கரண்டியோடு இருக்கக்கூடாது. முகத்தோடு காலும் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போனால் சிறுநீரகப் பரிசோதனை. களைப்பு, உடல் பருத்தல், குளிர் தாங்காமை சேர்ந்தால் தைரொயிட். முகம் வெளிறி, படி ஏற மூச்சு வாங்கினால் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு இது சர்வசாதாரணம். இரத்தச் சோகை என்று வந்தால், வைத்தியர் தரும் மாத்திரையை எடுப்பதோடு, சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிப்பதையும் விட வேண்டும். உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அது தடை. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். அதுவரை அந்தக் கோப்பை கண்ணுக்குப் பஞ்சு நனைக்க இருக்கட்டும், சீனி போடாமல்.