வேர் மட்டும் மிஞ்சிய பல்: எந்தக் கருவியை எப்போது எடுப்பது

"மேல பல்லே இல்லியே சார், எதப் புடிச்சு இழுப்பீங்க?" கடலூர் முதுநகரிலிருந்து வந்த மீன்கார அம்மா ஒருவர் நாற்காலியில் சாய்ந்ததும் இப்படிக் கேட்டார். கீழ்க் கடைவாய்ப் பல் ஈறு மட்டம் வரை சொத்தையில் கரைந்து, இரண்டு வேர்கள் மட்டும் நின்றன. அவர் கேட்டது சரியான கேள்வி. புதிதாக வரும் ஹவுஸ் சர்ஜன்களின் கை நேராகக் கொறடுக்குத்தான் போகிறது, பல் நொறுங்குகிறது. பிடிக்க ஒன்றுமில்லாத பல்லுக்குப் பிடிக்கும் கருவி கடைசியில்தான் வர வேண்டும். கீழே உள்ள வரிசையைச் சீனியர் பக்கத்தில் நிற்கும்போது பழகுங்கள்.

முதலில் எக்ஸ்ரே. வேர் எத்தனை, வளைந்திருக்கிறதா, மேல் பல்லென்றால் சைனஸ் (மேல்தாடை எலும்புக்குள் இருக்கும் காற்றறை) எவ்வளவு கிட்டத்தில், கீழ்ப் பல்லென்றால் நரம்பு எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். சர்க்கரை, பிரஷர், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை எல்லாம் கேட்டு முடித்த பிறகே மரப்பு ஊசி.

மரத்ததும் மோல்ட் 9. ஒரு முனை கூராகவும் மறுமுனை அகலமாகவும் இருக்கும் இந்தக் கருவியால் பல்லைச் சுற்றி ஈற்றைப் பிரியுங்கள். ஈறு விலகினால்தான் வேரின் விளிம்பு கண்ணில் படும், பின்னால் ஈறு கிழியவும் செய்யாது.

அடுத்து லக்சேட்டர். மெல்லிய, கூரான முனை கொண்டது. வேருக்கும் எலும்புக்கும் நடுவே, வேரின் நீளவாக்கில் மெதுவாக இறக்க வேண்டும். இதை வைத்து நெம்பாதீர்கள், முனை உடைந்துவிடும். நெம்புவதற்கென்றே கூப்லேண்ட் என்ற நெம்புகோல் இருக்கிறது. 1, 2, 3 என மூன்று அகலத்தில் வரும். சின்னதில் தொடங்கி, இடம் விரிய விரியப் பெரியதுக்குப் போங்கள். உள்ளே நுழைத்ததும் கால்வட்டம் திருப்பி, பத்து விநாடி அப்படியே நிறுத்துங்கள். எலும்பு அந்த நேரத்தில்தான் இளகி விரிகிறது. குத்திக் குத்தி ஆட்டினால் விரியாது, வேர்தான் முறியும்.

இங்கே இரண்டு விஷயங்களை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. நெம்பும்போது தாங்கும் இடம் எலும்பாக இருக்க வேண்டும், பக்கத்துப் பல்லாக இருக்கக் கூடாது. ஆட்காட்டி விரல் கருவியின் முனைக்குக் கிட்டத்தில் இருக்க வேண்டும். கருவி வழுக்கினால் நாக்கிலோ அண்ணத்திலோ இறங்காமல் அந்த விரல்தான் நிறுத்தும். மற்றொரு கை தாடையின் இருபுறமும் பிடித்திருக்கட்டும்.

வேர் ஆடத் தொடங்கியதும் ரூட் ஃபோர்செப்ஸ், அதாவது வேரைப் பிடிக்கும் கொறடு. அதன் குறுகிய அலகுகளை ஈற்றுக்கடியில் தள்ளி, நல்ல வேர்ப்பகுதியைப் பிடியுங்கள். சொத்தையில் மெத்தென்றான இடத்தைப் பிடித்தால் பொடிந்துவிடும். ஒற்றை உருண்டை வேரென்றால் சுழற்றலாம். மற்றவற்றைக் கன்னப்பக்கமும் உள்பக்கமுமாக அசைத்து எடுங்கள்.

கீழ்க் கடைவாய்ப் பல்லில் இரண்டு வேரும் ஒட்டியே இருந்தால் முழுதாக இழுக்கப் போராடாதீர்கள். 702 பர்ரால் (சுழன்று வெட்டும் முனை) கன்னப்பக்கத்திலிருந்து நடுவில் வெட்டுங்கள். நாக்குப்பக்க எலும்பு வரை போகாமல் முன்பே நிறுத்துங்கள், அங்கே நாக்கு நரம்பு இருக்கிறது. மிச்சத்தைக் கூப்லேண்டை நுழைத்துத் திருப்பினால் பிளந்துவிடும். வெட்டும் நேரமெல்லாம் சலைன் (உப்புநீர்) ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எலும்பு 47 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஒரு நிமிடம் சூடானாலே கெட்டுவிடும். காற்றால் சுழன்று, அதை முன்னால் ஊதும் ஏரோட்டர் என்ற துளைக்கருவி இதற்கு வேண்டாம். திசுக்களுக்குள் காற்று புகுந்து முகம் வீங்கும். மைக்ரோமோட்டரில் (மின்சாரத்தில் சுழலும் சிறு மோட்டார்) பொருத்தும் ஸ்ட்ரெயிட் ஹேண்ட்பீஸே, அதாவது நேரான கைப்பிடியே நல்லது.

ஒரு வேர் வந்து, மற்றொன்று மறுத்தால் க்ரையர் என்ற நெம்புகோல். முக்கோண முனையுடன் இடது, வலது என்று ஜோடியாக இருக்கும். எது எதற்கு என்று எல்லோரும் குழம்புவார்கள். மனப்பாடம் செய்ய வேண்டாம்: கைப்பிடி கன்னப்பக்கம் இருக்கும்படி முனையைக் காலிக் குழியில் வைத்துப் பாருங்கள். கூர்முனை மிஞ்சிய வேரைப் பார்த்தால் அதுதான் சரியானது. திருப்பும்போது நடுவிலுள்ள மெல்லிய எலும்பு உடைந்து, வேர் மேலேறி வரும். நல்ல கருவி என்றால் எனக்கு இதுதான்.

மேல் கடைவாய்ப் பல்லில் மூன்று வேர். கன்னப்பக்கத்து இரண்டையும் எடுத்துவிட்டு, அண்ணப்பக்கத்து வேரைக் கடைசியில் எடுங்கள். எந்த வேரையும் மேல்நோக்கி அழுத்தாதீர்கள், சைனஸுக்குள் போய்விடும்.

நுனி மட்டும் முறிந்தால் ரூட் டிப் பிக் என்ற மெல்லிய கூர்க்கருவியால் மெல்ல நெகிழ்த்துங்கள். 4, 5 மில்லிமீட்டருக்குள் உள்ள, சீழ் பிடிக்காத துண்டு நரம்பையோ சைனஸையோ ஒட்டி ஆழமாக இருந்தால், தோண்டுவதைவிட விட்டுவிடுவது மேல். நோயாளியிடம் சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதி, எக்ஸ்ரே எடுத்து வையுங்கள்.

அப்புறம் குழியைக் க்யூரெட்டால் (சுரண்டும் சிறு கரண்டி) சுத்தம் செய்து, கூரான எலும்பு விளிம்பைப் போன் ஃபைலால் (எலும்பு அரம்) தேய்த்துச் சலைனால் கழுவுங்கள். எடுத்த துண்டுகளைக் காஸ் துணியில் வைத்துப் பொருத்திப் பாருங்கள். அந்த அம்மாவின் இரண்டு வேர்களும் நுனிவரை முழுதாக இருந்தன. கையில் காட்டிய பிறகே பஞ்சைக் கடிக்கக் கொடுத்தேன்.