சந்திரகாந்தக் கல்லுக்கு வெள்ளிக் கூடு: வாரம் ஒரு நாள் பழகும் முறை

வெள்ளியில் நகை செய்யப் பழகுகிறவர்கள் பலர், முதல் மாதத்திலேயே மோதிரம், தோடு, சங்கிலி என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, எதிலும் கை படியாமல் சோர்ந்துபோகிறார்கள். வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி ஒரே பொருளைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் கை பழகுவதற்கு நல்ல வழி என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு ஏற்றது ஒற்றைக் கல் பதக்கம். ஒரு வெள்ளித் தகடு, அதன்மேல் கல்லைச் சுற்றி நிற்கும் மெல்லிய சுவர், மாட்டுவதற்கு ஒரு வளையம், அவ்வளவுதான். அறுப்பது, வளைப்பது, பொடி வைத்து ஊதுவது (நெருப்பால் உருக்கி இணைப்பது), அராவுவது, கல் பதிப்பது, மெருகிடுவது என அடிப்படை வேலைகள் அனைத்தும் இந்தச் சிறு பொருளுக்குள் வந்துவிடுகின்றன.

கல்லுக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. கல் பட்டை தீட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்ற காங்கேயம் வட்டாரத்தில் கிடைக்கும் சந்திரகாந்தக் கல், தொடக்கக்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் இருக்கிறது. மேற்புறம் குவிந்தும் அடிப்புறம் தட்டையாகவும் இழைக்கப்பட்ட, 10 மில்லிமீட்டர் வட்டக் கல்லாக வாங்குங்கள். ஒற்றை விளக்கின் கீழே பிடித்து மெல்லச் சாய்த்துப் பார்த்தால், பால்போன்ற ஒளி ஒன்று கல்லின்மேல் மிதந்து நகரும். கல்லின் உள்ளே மெல்லிய ஏடுகளாக அடுக்கி நிற்கும் இருவகைக் கனிமங்களில் வெளிச்சம் சிதறுவதால் உண்டாகும் ஒளி அது. அந்த ஒளி குவிவின் நடு உச்சியில் வந்து நிற்கும் கல்லையே எடுக்கவேண்டும். ஓரத்தில் ஒதுங்குமானால் வெட்டிய கோணம் சரியில்லை என்று பொருள். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் இதன் கடினத்தன்மை 6 முதல் 6.5 வரைதான். வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் மணலின் கடினத்தன்மையோ 7. ஆகவே நாள்தோறும் உரசுப்படும் மோதிரத்தைவிட, மார்பில் தொங்கும் பதக்கமே இந்தக் கல்லுக்குப் பாதுகாப்பு.

அடித்தகட்டுக்கு 925 தரமுள்ள (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளியுள்ள) வெள்ளியில் 0.8 மில்லிமீட்டர் தடிப்பும், சுவருக்கு 999 தரமுள்ள சுத்த வெள்ளியில் 0.3 மில்லிமீட்டர் தடிப்பும் போதும். சுத்த வெள்ளி மிருதுவாக இருப்பதால், கல்லின்மேல் மடிக்கும்போது விரலின் அழுத்தத்துக்கு இணங்கும். சுவரின் நீளத்தைக் கணக்கிட, கல்லின் விட்டத்தோடு சுவரின் தடிப்பைக் கூட்டி 3.14-ஆல் பெருக்குங்கள், 10 மில்லிமீட்டர் கல்லுக்கு ஏறத்தாழ 32.3 மில்லிமீட்டர் வரும். உயரம், கல்லின் குவிவு உள்நோக்கி வளையத் தொடங்கும் இடத்தைச் சற்றே தாண்டி நிற்கவேண்டும். குறைந்தால் கல் நிற்காது, கூடினால் கல்லின் அழகு மறைந்துவிடும்.

வளைத்த சுவரின் இரு முனைகளும் சேரும் இடத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி அராவிச் சேர்க்கவேண்டும். பற்றாசு, அதாவது இணைப்பில் உருக்கி ஓடவிடும் கலப்பு உலோகம், இணைப்பை ஒட்டுமே தவிர இடைவெளியை அடைக்காது. நான் பார்த்தவரையில் தொடக்கக்காரர்களின் தோல்விகளில் பெரும்பாலானவை இந்த ஒரு நிமிடச் சோம்பலில்தான் தொடங்குகின்றன.

இனிப் பொடி வைத்து ஊதும் வேலை. கேட்மியம் கலந்த பற்றாசை எக்காரணத்தைக் கொண்டும் வாங்காதீர்கள்; அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும். சன்னலைத் திறந்துவையுங்கள், பருத்தி உடை அணியுங்கள், கண்ணாடி அணியாமல் நெருப்பைத் தொடாதீர்கள். 925 வெள்ளி ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். அதிக வெப்பத்தில் உருகும் கடினப் பற்றாசு 745 டிகிரி அளவில் உருகத் தொடங்கும். இடையில் இருக்கும் ஐம்பது சொச்சம் டிகிரியில்தான் நாம் வேலை செய்கிறோம். எனவே சுவரின் முனைகளுக்குக் கடினப் பற்றாசு, சுவரைத் தகட்டோடு சேர்க்க நடுத்தரம், கடைசியாக வளையத்துக்கு எளிதில் உருகுவது என்ற வரிசையைக் கடைப்பிடித்தால், பிந்திய சூடு முந்திய இணைப்பை அவிழ்க்காது.

முனைகள் சேர்ந்த சுவரைத் தகட்டின்மேல் நிறுத்தி, இணைப்பில் பற்றாசு ஓட உதவும் வெங்காரக் குழம்பைத் தடவி, அரிசிக் குருணையிலும் சிறிய பற்றாசுத் துண்டுகளைச் சாமணத்தால் சுவரின் உட்புறத்தில் வையுங்கள். முதலில் சுடரைத் தள்ளிப் பிடித்து வட்டமாகச் சுற்றவேண்டும். வெங்காரம் வெள்ளையாகப் பொங்கி, அடங்கி, பிறகு கண்ணாடிபோல் தெளியும். அந்தத் தெளிவு வந்தபின்தான் சுடரை நெருக்கவேண்டும். பற்றாசு சூடு அதிகமுள்ள பக்கத்துக்கே ஓடும் என்பதை மறவாதீர்கள். சுவர் மெல்லியது, நொடியில் சூடேறிச் சுருண்டுவிடும். ஆகவே சுடரை எப்போதும் தடித்த தகட்டின்மேல் காட்டுங்கள், சுவரின்மேல் காட்டவேண்டாம். விளக்கொளியைக் குறைத்து வைத்தால் தகடு மங்கிய சிவப்புக்கு மாறுவது தெரியும், அடுத்த கணம் ஒரு வெள்ளிக்கோடு இணைப்பைச் சுற்றிப் பளிச்சென ஓடும். அந்தக் கோடு வட்டம் முழுவதும் சுற்றி முடிந்த உடனேயே சுடரை எடுத்துவிடுங்கள்.

ஆறியபின் கறையை நீக்க, அரை லிட்டர் வெந்நீரில் மூன்று மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பைக் (சிட்ரிக் அமிலத்தைக்) கரைத்து அதில் ஊறவிடலாம். அந்தக் கரைசலில் இரும்புச் சாமணத்தை விடக்கூடாது. விட்டால் கரைந்துள்ள செம்பு வெள்ளியின்மேல் படிந்து நகை சிவந்துபோகும். மரக் குச்சியோ செம்புச் சாமணமோ போதும். பிறகு மிச்சத் தகட்டை அறுத்து, வளையத்தையும் சேர்த்து, ஓரங்களை அராவுங்கள்.

கல்லை வைக்குமுன் இரண்டு காரியங்கள் உண்டு. சந்திரகாந்தக் கல் ஒளி ஊடுருவுவது என்பதால், கல்லுக்கு அடியில் வரும் தகட்டை முன்னதாகவே பளபளப்பாக்கிவிட வேண்டும். பொருத்திப் பார்க்கும்போது கல்லுக்கு அடியில் ஒரு நூலைக் குறுக்கே போட்டுக்கொள்ளுங்கள். சிக்கிக்கொண்டால் நூலை இழுத்து வெளியே எடுக்கலாம். எல்லாச் சூடும் முடிந்தபின்தான் கல் உள்ளே போகவேண்டும். ஒருமுறை பதித்துமுடித்த பதக்கத்தில் வளையம் விட்டுப்போனது தெரிந்து, கல்லோடு சேர்த்தே சிறிது சூடு காட்டினேன். கல் இரு திசைகளில் எளிதாகப் பிளக்கும் இயல்புடையது. நகத்தால் கீறியதுபோன்ற நேர்கோடு ஒன்று அதன் குறுக்கே விழுந்துவிட்டது. அந்தக் கல்லை இன்றும் மேசைமேல் வைத்திருக்கிறேன்.

மழுங்கிய முனையுள்ள எஃகுக் கோலால், சுவரை முதலில் வடக்கு, உடனே அதற்கு நேர் எதிரான தெற்கு, பின் கிழக்கு, மேற்கு என அழுத்தி, அதன்பின் இடைவெளிகளை நிரப்பிச் செல்லுங்கள். ஒரே பக்கமாகச் சுற்றிவந்தால் கடைசியில் மிச்ச வெள்ளி மடிப்பாகத் தங்கிவிடும். கல்லின்மேல் ஒட்டுநாடாவை ஒட்டி, உப்புத்தாளில் 400, 600, 1000 என்று ஏறுவரிசையில் தேயுங்கள். பூந்திக்கொட்டை ஊறிய நீரும் மென்மையான தூரிகையும் கழுவுவதற்குப் போதும். மீயொலி அதிர்வால் நகை கழுவும் கருவியில் இந்தக் கல்லைப் போடாதீர்கள்.

முதல் நான்கு வாரங்களைச் செம்புத் தகட்டில் பழகுவது செலவைக் குறைக்கும். எழும்புமுன் கல்லின் அளவு, சுவரின் நீளம், எந்த இணைப்பு எப்படி ஓடியது என்பவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். மேசையில் உதிர்ந்த அரத்தூளைத் துடைத்தெடுத்து, செம்புத் தூள் தனியாகவும் வெள்ளித் தூள் தனியாகவும் புட்டிகளில் சேர்த்துவாருங்கள். அடுத்த வாரத்துக்கான சுவர்த்துண்டை அன்றே அளந்து வெட்டி வைத்துவிட்டால், மறுமுறை உட்கார்ந்தவுடன் வேலை தொடங்கிவிடும்.